25இல் ஒரு பங்கு கார்: அளவு தவறினால் வரலாறும் தவறும்

மேசை மேல் வைத்தால் ஒரு சாண் நீளம். முன்னால் சைக்கிள் சக்கரம் போல் இரண்டு மெல்லிய சக்கரங்கள், பின்னால் பட்டை இல்லாத இரண்டு பருத்த டயர்கள், நடுவே ஓர் இரும்புச் சட்டம். பார்ப்பவர்களுக்கு இது பொம்மைக் கார். ஆனால், அமெரிக்காவின் பழைய டிராக் பந்தயக் கார்களை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்பவர்களுக்கு இது ஒரு வரலாற்றுப் பதிவு.

டிராக் பந்தயம் என்பது நேர்ச்சாலைப் பந்தயம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கமாக நின்று, கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் தூரத்தைச் சில விநாடிகளில் கடக்க வேண்டும். இதை முறைப்படுத்த வாலி பார்க்ஸ் 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடக்கினார். அறுபது, எழுபதாம் ஆண்டுகளில் இந்தப் பந்தயம் அங்கே உச்சத்தில் இருந்தது. ஏஎம்டி, எம்பிசி, ரெவெல், மோனோகிராம் போன்ற நிறுவனங்கள் அந்தக் கார்களைப் பிளாஸ்டிக் கிட்டுகளாக வெளியிட்டன. பாகங்களைப் பிரித்து, ஒட்டி, சாயம் பூசிச் சேர்ப்பது வாங்குபவரின் வேலை.

ஓட்டுநர் எங்கே உட்கார்ந்தார்?

இந்தக் கார்களில் அளவு ஏன் முக்கியம் என்பதை டான் கார்லிட்ஸ் என்ற ஓட்டுநரின் கதை காட்டும்.

அக்காலத்து டிராக்ஸ்டர் காரில் எஞ்சின் முன்னால் இருக்கும். ஓட்டுநர் பின் அச்சுக்கும் பின்னால், கவணில் வைத்த கல் போல் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் அதற்குக் கவண் கார் என்ற பொருளில் ‘ஸ்லிங்ஷாட்’ என்று பெயர். பாரம் பின் சக்கரங்களில் இறங்கினால் டயர் சறுக்காமல் தரையைப் பிடிக்கும் என்பதே காரணம். ஆனால், எஞ்சின் வெடித்தால் தீயும் கொதிக்கும் எண்ணெயும் நேராக ஓட்டுநரின் முகத்துக்கு வரும். கியர்பெட்டியோ அவர் கால்களுக்கு அருகிலேயே இருக்கும்.

1970 மார்ச் 8ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் திடலில் கார்லிட்ஸின் கார் புறப்பட்ட கணத்தில் கியர்பெட்டி வெடித்தது. கார் இரண்டு துண்டானது. அவர் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தே தீருவது என்று அவர் முடிவு செய்தார்.

பின் எஞ்சின் கார்களைப் பிறர் முன்பே முயன்றிருந்தார்கள். அவை வேகத்தில் நிலைதடுமாறின. கார்லிட்ஸின் குழு சோதித்துப் பார்த்து, ஸ்டியரிங்கைச் சற்று மந்தமாகத் திரும்பும்படி மாற்றியது. கார் நேராக ஓடியது. ‘ஸ்வாம்ப் ராட் 14’ என்ற அந்தக் கார் 1971 தொடக்கத்தில் பொமோனாவில் நடந்த வின்டர்நேஷனல்ஸ் பந்தயத்தில் வென்றது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். ஓட்டுநர்களுக்கு அது உயிர்ப் பாதுகாப்பு.

ஆகவே, ஒரு மாடலில் இருக்கை எங்கே, எஞ்சின் எங்கே, சட்டம் எவ்வளவு நீளம் என்பது வெறும் அழகு விஷயமல்ல. அந்த மாற்றம் ஏன் வந்தது என்பதை அந்த இடைவெளிதான் சொல்கிறது.

படத்திலிருந்து அளவு

பெரும்பாலான கிட்டுகள் 1/25 அளவில் வருகின்றன. 175 சென்டிமீட்டர் உயரமான மனிதர் இதில் 7 சென்டிமீட்டர் ஆவார். சில கிட்டுகள் 1/24 அளவு. வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால், இரு அளவுப் பாகங்களையும் கலந்தால் எஞ்சின் சட்டத்துக்குள் சரியாக உட்காராது.

கிட்டில் வருவது எல்லாம் சரியாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. செலவைக் குறைக்க ஒரே அச்சில் வார்த்த சட்டத்தை வேறு வேறு கார்களின் பெயரில் விற்பதுண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பழைய புகைப்படமே துணை.

அக்காலக் கார்களின் பின் சக்கர ரிம் பொதுவாக 16 அங்குலம். நேர்ப் பக்கவாட்டில் எடுத்த படத்தில் அந்த ரிம் 8 மில்லிமீட்டர் இருந்தால், படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 2 அங்குலம். அதே படத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் இருந்தால், உண்மைக் காரில் அது 200 அங்குலம். 25ஆல் வகுத்தால் 8 அங்குலம், ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும்.

சட்டத்தின் குழாய்க்கும் இதே கணக்குத்தான். ஒன்றரை அங்குலக் குழாய் மாடலில் 1.5 மில்லிமீட்டர் ஆகும். கிட்டில் உள்ளது தடிமனாக இருந்தால், சரியான பிளாஸ்டிக் கம்பியை வாங்கி வளைத்து மாற்றுகிறார்கள்.

எட்டு ஒயர்கள்

எஞ்சினில்தான் பொறுமை அதிகம் தேவை. அக்காலத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தியது கிரைஸ்லரின் ஹெமி. இதில் ஸ்பார்க் பிளக் ஒயர்கள் வால்வு மூடியின் நடுவிலேயே இறங்கும். எட்டு சிலிண்டருக்கும் எட்டு ஒயர். 1-8-4-3-6-5-7-2 என்பது எரியும் வரிசை. ஒயரின் தடிமன் மாடலில் 0.3 மில்லிமீட்டர் அளவுதான். கிட்டில் ஒயர் இல்லாவிட்டால், மெல்லிய செம்புக் கம்பியை இந்த வரிசைப்படியே பொருத்துகிறார்கள்.

எஞ்சின் மேல் உட்காரும் காற்றழுத்தியான புளோவருக்கும் ஒரு பின்னணி உண்டு. 6-71 என்ற அந்தப் பாகம் முதலில் லோரி, பஸ் போன்றவற்றில் ஓடிய ஜிஎம்சி டீசல் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. பட்டறைக்காரர்கள் அதைக் கழற்றிப் பந்தயக் காரில் வைத்தார்கள்.

சாயமும் எழுத்தும்

மினுமினுக்கும் சாயத்தில் பலர் தவறுகிறார்கள். 0.2 மில்லிமீட்டர் மினுக்குத் துகள், உண்மைக் காரில் 5 மில்லிமீட்டர் துகளுக்குச் சமம். அதனால் மிக நுண்ணிய துகளுள்ள சாயமே பொருந்தும். பளபளக்கும் ‘கேண்டி’ நிறத்துக்கு முதலில் வெள்ளி அல்லது பொன் நிறம் பூசி, காய்ந்தபின் ஒளி ஊடுருவும் நிறத்தை மெல்லிய படலங்களாகத் தெளிக்க வேண்டும். இந்த வேலையை ஜன்னல் திறந்த இடத்தில், புகைக்கு ஏற்ற முகக்கவசத்தோடு செய்வது அவசியம். பசையின் ஆவியும் சிறுவர்களுக்கு ஆகாது.

கடைசியில் நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துகள். விளம்பர நிறுவனம் மாறினால் காரின் பக்கமும் மாறும். பின் இறக்கை இன்று இருக்கும், போன மாதப் படத்தில் இருக்காது. எனவே, அனுபவசாலிகள் முதலில் ஒரு குறிப்பிட்ட பந்தய நாளைத் தேர்ந்தெடுத்து, அன்றைய படங்களை மட்டுமே பார்த்துச் செய்கிறார்கள்.

லயன்ஸ் திடல் 1972 டிசம்பரில் மூடப்பட்டது. பந்தயக் கார்களும் அப்படியே நிற்கவில்லை. பல வெட்டப்பட்டன, சில வேறு பெயரில் ஓடின, பல குப்பைக்குப் போயின. அவற்றின் உருவத்தை அறிய எஞ்சியிருப்பவை படங்களும், அவற்றைப் பார்த்துச் சரியாகச் செய்த மாடல்களும்தான்.

புதிதாகத் தொடங்குபவர் எல்லாவற்றையும் ஒரே காரில் திருத்த வேண்டியதில்லை. முதல் கிட்டைச் சட்டம் கோணாமல் ஒட்டி முடித்தால் போதும். இரண்டாவதில் ஒயர், மூன்றாவதில் குழாய் என்று போகலாம். அந்தக் காரைப் பார்த்து, “எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது?” என்று வீட்டுப் பிள்ளை கேட்டால், சொல்வதற்கு ஓர் உண்மைக் கதை இருக்கிறது.