வங்கி இழுத்த காரை இணைய ஏலத்தில் எடுக்கலாமா? விலை கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

மாலையோடு பஸ் நின்றுவிடும் தோட்டத்திலும், இரவு ஷிப்ட் முடிந்து திரும்ப வழியில்லாத தொழிற்பேட்டைத் தாமானிலும் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. ஆனால் பழைய கார் கடையில் ஒரு மைவிக்குச் சொல்லும் விலையைக் கேட்டுவிட்டு, பேசாமல் வீடு திரும்பும் குடும்பங்கள் ஏராளம். அவர்களின் கைப்பேசிக்கு இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு வருகிறது. வங்கி ஏலம், ஆரம்ப விலை 8,000 ரிங்கிட், வீட்டில் இருந்தபடியே கேட்கலாம் என்கிறது அது.

அந்த 8,000 ரிங்கிட் பொய்யல்ல. ஆனால் அது ஏலம் தொடங்கும் விலை. கார் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது ஆகியிருக்கும் செலவு வேறு. இந்த இரண்டுக்கும் இடையே நடப்பது தெரியாமல் கைவைத்தவர்கள்தான் பின்னால் புலம்புகிறார்கள். தெரிந்து எடுத்தவர்களுக்கு நல்ல கார் கிடைத்திருப்பதும் உண்மை.

முதலில், இணையத்தில் ‘ஏலம்’ என்று சொல்லப்படுவதெல்லாம் ஒன்றல்ல. தனிநபர் விற்கும் காரைச் சோதித்துப் படம் பிடித்து ஏலத்தில் விடும் தளங்கள் சில உண்டு. அங்கே விலை கேட்பவர்கள் பெரும்பாலும் பழைய கார் வியாபாரிகள் மட்டுமே. காப்புறுதி நிறுவனங்கள் ‘முழு இழப்பு’ என்று ஒதுக்கிய விபத்துக் கார்களுக்குத் தனி ஏலம் உண்டு. அது உதிரிப்பாகம் தேடும் பட்டறைக்காரர்களின் உலகம். குடும்பத்துக்குக் கார் தேடுபவர் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. பொதுமக்கள் நேரடியாகக் கலந்துகொள்ளக்கூடியது, தவணை கட்டாததால் வங்கி இழுத்து வந்த கார்களின் ஏலம். நம் மக்கள் ‘லெலோங் கார்’ என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

கிடங்கில் நிற்கும் கார்

இந்தக் கார்கள் 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின் வழியாக ஏலத்துக்கு வருகின்றன. தொடர்ந்து இரண்டு மாதத் தவணை தவறினால் வங்கி நோட்டீஸ் அனுப்பலாம். அதன்பின் 21 நாள் அவகாசம் முடிந்தே காரை எடுக்க முடியும். எடுத்த பிறகும், உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் உடனே விற்றுவிட முடியாது. இன்னொரு நோட்டீஸ் கொடுத்து மேலும் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

அதாவது ஏலத்துக்கு வரும் கார் குறைந்தது சில வாரங்கள், பல நேரம் சில மாதங்கள், வெயிலிலும் மழையிலும் ஓடாமல் நின்றிருக்கும். பேட்டரி செத்திருக்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்தி வடிவம் மாறியிருக்கும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தவணை கட்டவே பணம் இல்லாதவர், கார் கைவிட்டுப் போவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் எஞ்சின் எண்ணெயை ஒழுங்காக மாற்றியிருப்பாரா? அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தின் விலையைக் கட்டப்போவது புதிதாக வாங்குபவர்.

ஏல நிபந்தனைகளில் முக்கியமான வரி ஒன்று இருக்கும். கார் ‘இருப்பது இருந்தபடி, இருக்கும் இடத்தில்’ விற்கப்படுகிறது என்பதே அது. கியர்பாக்ஸ் போய்விட்டது, ஏர்கோன் குளிரவில்லை, சாவி ஒன்றுதான் இருக்கிறது என்று பிறகு யாரிடமும் முறையிட முடியாது. கார் கடையில் கிடைக்கும் உத்தரவாதம் எதுவும் இங்கே கிடையாது. விலை குறைவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஆகவே, படத்தைப் பார்த்து மட்டும் விலை கேட்பது சூதாட்டம். ஏலத்துக்கு முன் காரைப் பார்க்க நாள் ஒதுக்குவார்கள். அன்று ஒரு ஃபோர்மனைக் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போவது அவசியம். அவருக்குக் கொடுக்கும் நூறு, நூற்றைம்பது ரிங்கிட்தான் இந்த முழு வியாபாரத்திலும் நன்றாகச் செலவழியும் பணம். ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ஆனால் பல கிடங்குகளில் எஞ்சினை முடுக்கிக் காட்டச் சொல்லலாம். குளிர்ந்த எஞ்சின் முதன்முறை முடுங்கும்போது வரும் சத்தமும், புகையின் நிறமும் ஃபோர்மனுக்கு நிறையச் சொல்லும். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிரேக்கை மிதித்தபடி கியரை டி-க்கும் ஆர்-க்கும் மாற்றும்போது கார் தாமதமாக இழுத்தாலோ, தூக்கிப் போட்டாலோ கவனம் தேவை. சிவிடி கியர்பாக்ஸ் உள்ள பழைய கார்களில் இதை இருமடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். அது பழுதானால் செலவு ஆயிரக்கணக்கில் போய்விடும்.

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சின் எண்ணெய் மாற்றிய பட்டறைக்காரர்கள், அடுத்த முறை எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று எழுதி ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். கண்ணாடியின் மூலையிலோ கதவின் உட்பக்கத்திலோ அது கிடைத்தால், மீட்டரில் தெரியும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஸ்டிக்கரில் 1,60,000 என்று இருந்து மீட்டர் 90,000 காட்டினால், அந்தக் காரைப் பற்றி மேலும் யோசிக்கத் தேவையில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இன்னொரு தொல்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கி நின்ற காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் அப்படிப்பட்ட கார்கள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிடும் அபாயம் உண்டு. வாசனைத் திரவியம் அடித்த காருக்குள் மூக்கு உதவாது; கைதான் உதவும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்த்தால் கடைசி ஓரடியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டவாளத்திலும், ஸ்பேர் டயர் வைக்கும் குழியிலும் துரு படிந்திருக்கும். ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூத்திருக்கும்.

திரையில் நடப்பது

ஏலத்தில் கலந்துகொள்ள அடையாள அட்டையோடு பதிந்து, முன்பணம் கட்ட வேண்டும். கார் கிடைக்காவிட்டால் அது திரும்பக் கிடைக்கும். குறித்த நேரத்தில் ஏலம் திறந்ததும் ஒவ்வொருவரும் விலையை ஏற்றிக்கொண்டே போகலாம். கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாகவே நீளும் முறை பல தளங்களில் உண்டு. அந்த நேரத்தில்தான் கை பதறுகிறது. எதிரே கேட்பவர் யார் என்று தெரியாது. இன்னும் 200, இன்னும் 300 என்று போய், கடையில் வாங்கியிருக்கக்கூடிய விலையையே தாண்டிவிடுகிறார்கள். இதைத் தவிர்க்க ஒரு தாளில் உச்ச விலையை எழுதி, கைப்பேசிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரலாம். ‘வெற்றி’ என்று திரையில் வந்தாலும், விலை வங்கி எதிர்பார்த்ததற்குக் கீழே இருந்தால் வங்கியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம்.

வென்றவர் மீதிப் பணத்தைக் குறுகிய நாள்களுக்குள் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போய்விடும். கடன் எடுத்து வாங்க நினைப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். வங்கி ஏலத்தில் போன விலையைப் பார்க்காது. தன் கணக்கில் காரின் மதிப்பு என்ன என்று பார்க்கும். 20,000 ரிங்கிட்டுக்கு எடுத்த காரை வங்கி 17,000 என்று மதிப்பிட்டால், வித்தியாசம் கைக்காசு. அதற்கு மேல் சட்டப்படி குறைந்தது 10 விழுக்காடு முன்தொகையும் கட்ட வேண்டும். மிகப் பழைய கார்களுக்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். ஏலத்தில் வென்ற பிறகு வங்கிக்கு ஓடுவது தாமதம்; போகும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். எண்கள் உத்தேசமானவை, இடத்துக்கு இடம் மாறும். 1.3 லிட்டர் கார் ஒன்று 14,000 ரிங்கிட்டுக்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏல நிறுவனக் கட்டணம் 500, இழுவை லோரிக்கு 300, பேட்டரி 250, நான்கு டயர் 700, எண்ணெய், பிரேக், பெல்ட் எல்லாம் சேர்த்து 800, காப்புறுதி 900, சாலை வரி 70. மொத்தம் 17,520 ரிங்கிட். எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் பெரிய வேலை எதுவும் இல்லை என்றால்தான் இந்தக் கணக்கு.

காப்புறுதியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. என்சிடி எனப்படும் கழிவு காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. பழைய உரிமையாளர் 55 விழுக்காடு கழிவு வைத்திருந்தாலும் அது புதியவருக்கு வராது. முதன்முதலாகக் கார் வாங்குபவர் முழுத் தொகையும் கட்டியாக வேண்டும். ஏற்கனவே வேறு கார் வைத்திருந்தவர் தன் கழிவை மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய காரின் மயக்கமும் இப்படித்தான். மைவி விலைக்கு 3.0 லிட்டர் ஜெர்மன் கார் திரையில் வந்தால் இளைஞர்களின் கண் விரியும். தீபகற்பத்தில் 1.3 லிட்டர் காருக்கு ஆண்டுச் சாலை வரி 70 ரிங்கிட். 3.0 லிட்டர் காருக்கு அது 2,000 ரிங்கிட்டைத் தாண்டும். உதிரிப்பாக விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கார் ஏலத்துக்கு வந்த காரணமே அதுவாக இருக்கலாம்.

பெயர் மாற்றம்

பணம் கட்டியதும் வங்கியின் விடுவிப்பு ஆவணங்கள் கிடைக்கும். அவற்றோடு புஸ்பாகாம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் பி5 சோதனையை முடித்து, ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்ற வேண்டும். கடன் எடுத்திருந்தால் பி7 சோதனையும் கேட்பார்கள். பி5 தேறிவிட்டது, ஆகவே கார் நல்ல கார் என்று நினைப்பது தவறு. அந்தச் சோதனையின் முக்கிய நோக்கம் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா, அவற்றில் யாரும் கைவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதை அது சொல்லாது. ஆகவே கிடங்கில் காரைப் பார்க்கும் நாளிலேயே சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பழைய சம்மன், கறுப்புப் பட்டியல் போன்றவை இருந்தால் யார் தீர்ப்பது என்பது நிபந்தனைத் தாளில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதை வாசிக்க வேண்டும். மலாய், ஆங்கிலம் தடுமாறுபவர்கள் பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் சொல்லலாம்.

போலித் தளங்களும் உண்டு. காரைப் பார்க்க அனுமதிக்காமல் முன்பணம் மட்டும் கேட்டாலோ, நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் தனிநபரின் வங்கிக் கணக்கைக் கொடுத்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கணக்கு எண்ணைப் போலீஸாரின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதிக்கலாம். பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மறுபக்கத்தில் இருப்பவர்

ஏலக் கிடங்கில் நிற்கும் சில கார்களின் கண்ணாடியில் முருகன் ஸ்டிக்கர் அப்படியே இருக்கும். டேஷ்போர்டில் சிறிய பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். இந்தச் செய்தியைப் படிப்பவர்களில் கார் தேடுபவர்கள் மட்டுமல்ல, காரை இழக்கும் நிலையில் இருப்பவர்களும் இருப்பார்கள்.

காரை எடுக்க வருபவரிடம் பெர்மிட் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டி முடித்திருந்தால், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வங்கி அதை எடுக்க முடியாது. எடுத்த பிறகும், அந்த இரண்டாவது 21 நாளுக்குள் பாக்கியையும் செலவையும் கட்டிக் காரை மீட்கலாம். கார் போனால் கடனும் போய்விடும் என்ற நினைப்பில் வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமல் போட்டுவைப்பவர்கள் உண்டு. கடன் போவதில்லை. 30,000 ரிங்கிட் பாக்கி இருக்கும் கார் ஏலத்தில் 14,000-க்குப் போனால், மீதி 16,000 ரிங்கிட்டும் செலவும் பழைய உரிமையாளரின் தலையில்தான். இரண்டாவது தவணை தவறும் முன்பே வங்கியிடம் பேசலாம். அல்லது ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனத்தின் இலவச உதவியை நாடலாம்.