ஆயிரம் ரூபாய் ஹெட்செட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ஓர் அறைக்கு 6 பேர், ஒரு பிளாக்குக்கு 240 அறைகள், மொத்தம் 13 பிளாக்குகள். வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் பெண் தொழிலாளர்களுக்காக 706.50 கோடி ரூபாயில் எழுப்பிய குடியிருப்பின் கணக்கு இது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 18,720 பேர் தங்கலாம். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்க்கும் பெண்களுக்கான இடம். ஷிப்ட் மாறி மாறி வரும் வாழ்க்கையில் ஒருவர் வேலை முடித்து வந்து படுக்கும்போது இன்னொருவர் தலைவாரிக் கிளம்பிக்கொண்டிருப்பார், மூன்றாமவர் ஊரிலிருக்கும் அம்மாவோடு வீடியோ காலில் இருப்பார். இப்படி ஓர் அறையில் ஹெட்செட் இல்லாமல் ஒரு நாளும் நகராது.

ஒருகாலத்தில் புதுப் போன் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே இயர்போனும் வரும். 2020 அக்டோபரில் ஐபோன் பெட்டியிலிருந்து ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. இப்போது பெரும்பாலான போன்களோடு இயர்போன் வருவதில்லை. ஊருக்குப் பணம் அனுப்பி, கைச்செலவுக்கு எடுத்துவைத்த பிறகு மிஞ்சும் ஐந்நூறிலோ ஆயிரத்திலோ தனியாக வாங்க வேண்டியிருக்கிறது.

ஒரகடம் கூட்டுரோட்டில் ஏதாவதொரு மொபைல் கடையில் போய் நின்றால் பேச்சு இப்படித்தான் போகும்.

“அண்ணா, ஆயிரத்துக்குள்ள நல்ல ஹெட்செட் இருக்கா?”

“எல்லாமே நல்லதுதாம்மா. இதுல பேஸ் செமயா இருக்கும். இது 40 மணி நேரம் சார்ஜ் நிக்கும். இதுல நாய்ஸ் கேன்சலேஷனே இருக்கு.”

பேஸ், சார்ஜ், நாய்ஸ் கேன்சலேஷன். காதில் பொருந்துமா என்ற கேள்வியை வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் எடுப்பதில்லை. குறைந்த விலையில் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

விலைக்கும் ஒலித் தரத்துக்கும் நாம் நினைக்கும் அளவு தொடர்பில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன் மாடல்களை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த சுருதியிலிருந்து உச்ச சுருதிவரை ஒவ்வொன்றும் எந்தெந்த அளவில் ஒலிக்கிறது என்ற அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். 2017-ல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் முடிவு வந்தது: இரண்டுக்கும் தொடர்பு ஏதும் தெரியவில்லை. கட்டுமானம், சொகுசு, ஆயுள் ஆகியவற்றில் விலை வித்தியாசம் காட்டலாம். ஒலியின் சமநிலையைப் பொறுத்தவரை மலிவானதிலும் நல்லது உண்டு, விலை கூடியதிலும் மோசமானது உண்டு.

இயர்போனின் உள்ளே இருப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்தால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம். மேலே தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. அதன் முதுகில் ஒட்டிய செப்புக் கம்பிச் சுருள். சுருளுக்கு நெருக்கமாக ஒரு காந்தம். போனிலிருந்து வரும் மின்னோட்டம் சுருளில் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் துடிக்கிறது, சவ்வு காற்றைத் தள்ளுகிறது. 1980-களில் நியோடிமியம் காந்தம் வந்தபின் பயறளவு காந்தமே போதுமான விசையைத் தந்தது, விலையும் இறங்கியது. ஆக, ஒலியை உண்டாக்கும் பாகங்களுக்கு இன்று பெரிய செலவில்லை. அந்த வட்டத்துக்கு முன்னும் பின்னும் எந்த அளவில் துளை போடுவது, துளைமேல் எவ்வளவு அடர்த்தியான வலையை ஒட்டுவது என்பதில்தான் இசையின் தரம் நிற்கிறது. அது பொறியாளரின் உழைப்பு. ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளலாம். சீனத்தின் ஷென்சென் பக்கத்துச் சிறு நிறுவனங்கள் கடந்த பத்தாண்டுகளில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு வியக்கத்தக்க வயர் இயர்போன்களைக் கொண்டுவந்தது இப்படித்தான்.

இனி ரப்பர் முனை. கடைக்காரர் வெறுமனே ‘ரப்பர்’ என்று சொல்லும் சிலிக்கான் தொப்பிதான் இந்தப் பொருளின் ஆக முக்கியமான பாகம் என்பேன். காதுத் துளைக்குள் இயர்போன் சரியாக அடைத்துக்கொண்டால், சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர் காற்றுதான் இருக்கும். அவ்வளவு சிறிய அறைக்குள் சவ்வு சற்றே அசைந்தாலும் அழுத்தம் ஏறி இறங்கும், தாழ்ந்த ஒலிகள் திரண்டு கேட்கும். ஓரத்தில் ஒரு சிறு இடுக்கு இருந்தாலும் நிலைமை மாறிவிடும். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை மெதுவாக அழுத்துவதுபோல, நிதானமாக அசையும் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தமெல்லாம் இடுக்கு வழியே வெளியேறிவிடும். வேகமாக அதிரும் உயர்ந்த ஒலிகள் மட்டும் தப்பி உள்ளே போகும். கேட்பவருக்கு ‘பேஸே இல்லை, காதைக் குத்துகிறது’ என்று தோன்றும். போட்டிருக்கும் இயர்போனை விரலால் இலேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். பேஸ் திடீரென்று கூடினால் உங்கள் ரப்பர் அளவு சரியில்லை.

பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ஜோடி வரும். நடுத்தரம் மாட்டியிருக்கும், மற்ற இரண்டும் பெட்டியிலேயே கிடந்து தொலைந்துபோகும். பெண்களின் காதுக் குழாய் சராசரியாக ஆண்களுடையதைவிடக் குறுகியது. அதனால் நடுத்தர ரப்பர் பலருக்கு வலிக்கும், அல்லது பாதியில் நின்று நழுவி விழும். ‘எனக்கு இந்த மாதிரி ஹெட்செட்டே ஒத்துவராது’ என்று முடிவுகட்டியவர்கள் சிறிய ரப்பரை மாட்டிப் பார்க்க வேண்டும். இடது காதும் வலது காதும் ஒரே அளவு என்பதும் கட்டாயமில்லை. இரண்டுக்கும் வேறு வேறு அளவு போடுவதில் தவறில்லை. போடும்போது ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, மறு கையால் இயர்போனைச் சற்றுத் திருப்பி நுழைத்தால் நன்றாக உட்காரும். தனி ரப்பர் செட்டும் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. ஆறு பேர் அறையில் ஹெட்செட்டை மாற்றிக்கொள்வது சகஜம். மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ரப்பர் அவரவருடையதாக இருக்கட்டும்.

பொருத்தம் என்பது இசைச் சுவையோடு நிற்கும் விஷயமும் இல்லை. காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் பக்கங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர்களை எடுத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்றால் 12 மணி நேரம். ஓடும் பஸ்ஸுக்குள் இரைச்சல் 75, 80 டெசிபல் இருக்கும். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் அந்த இரைச்சலைத் தாண்டி ஒலியை ஏற்றியாக வேண்டும். தளர்வான இயர்போன் என்றால் 90-ஐ எட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலில் அது 4 மணி நேரமாகக் குறைந்துவிடும். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் சுமார் 20 நிமிடம்தான். மேலே சொன்ன பயணி 4 மணி நேரத்துக்குப் பதில் 12 மணி நேரம் கேட்கிறார். ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே நிற்கும் நேரம் தனி.

நன்றாக அடைக்கும் ரப்பர் வெளி இரைச்சலில் 10 முதல் 20 டெசிபல்வரை தடுக்கும். அப்போது அதே பாட்டை 75-ல் வைத்துத் தெளிவாகக் கேட்கலாம். ரப்பரே இல்லாமல் காது ஓரத்தில் தொங்கும் பழைய வகை இயர்போன்கள் அமைதியான இடத்துக்கு நல்லவை, பஸ்ஸுக்கு ஆகாதவை. ஒரு காதின் சுருள் நத்தை எலும்புக்குள் ஒலியை உணரும் முடி செல்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. கோழிக்கும் குருவிக்கும் இவை செத்தால் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைக்காது. அதனால்தான் சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் பொருந்தாத ஒன்றை வாங்க வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

‘நாய்ஸ் கேன்சலேஷன்’ என்று கடைக்காரர் சொன்னாரே, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலிவு விலைப் பெட்டிகள் பலவற்றில் அச்சிட்டிருப்பது ஈஎன்சி. அது மைக்குக்கானது. நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்களைச் சுற்றியுள்ள இரைச்சலைக் குறைத்துக் கொடுக்கும். உங்கள் காதுக்கு அதனால் பயனில்லை. வெளி இரைச்சலை மைக்கால் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி உங்கள் காதுக்குள் அணைப்பது ஏஎன்சி. வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த பொறியாளர் அமர் போஸ், 1978-ல் சூரிச்சிலிருந்து திரும்பும் விமானத்தில் ஹெட்போனைப் போட்டும் இரைச்சல் அடங்காமல் எரிச்சலடைந்து, அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கிய தொழில்நுட்பம் அது. பஸ் எஞ்சினின் சீரான உறுமலை அது நன்றாகக் குறைக்கும், பக்கத்து சீட் அரட்டையை அவ்வளவாகக் குறைக்காது. அதுவும் ரப்பர் அடைத்திருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். இந்த விலையில் ஏஎன்சி கிடைத்தால் கூடுதல் லாபம். அதற்காகப் பொருத்தத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

வயரா, புளூடூத்தா? என் தீர்ப்பு வயர் பக்கம். ஆயிரம் ரூபாய் பட்ஸில் அந்த ஆயிரத்தை இரண்டு பேட்டரி, இரண்டு சிப், மைக்குகள், சார்ஜ் பெட்டி, அதற்குள் இன்னொரு பேட்டரி என்று பங்கு போட்டாக வேண்டும். வயர் ஹெட்செட்டில் பெரும்பகுதி ஒலிக்கே போகும். பட்ஸின் குட்டி பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் தளரும், மாற்ற வழியில்லை. குடியிருப்பில் தங்கியிருப்பவர்களுக்குப் பொருந்தும் காரணம் இன்னொன்றும் உண்டு. புளூடூத்தில் பாட்டு நன்றாகக் கேட்கும். ஆனால் கால் பேச மைக் திறந்ததும் பெரும்பாலான மலிவு பட்ஸ் வேறொரு பழைய முறைக்கு மாறும், குரல் ஒடுங்கிக் கரகரக்கும். தினம் வீட்டோடு ஒரு மணி நேரம் பேசுபவருக்கு அது பெரிய குறை. வயர் சிக்குகிறது, துப்பட்டாவில் மாட்டுகிறது என்பவர்களுக்கு நெக்பேண்டு நல்ல நடுவழி. பேட்டரி பெரியது, தொலையவும் தொலையாது. எந்த புளூடூத் வாங்கினாலும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். காதில் பேட்டரி வைக்கிறோம்.

போனில் 3.5 மி.மீ. துளை இல்லையென்றால் டைப்-சி இயர்போன் வாங்க வேண்டும். எல்லா டைப்-சி இயர்போனும் எல்லாப் போனிலும் பாடாது. உங்கள் போனில் செருகிக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பெட்டியின் மற்ற எழுத்துகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ‘14 மி.மீ. டிரைவர்’ என்பதால் 10 மி.மீ.யைவிட நல்லது என்று ஆகாது. ‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’ எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அதிலிருந்து எதுவும் தெரியாது. ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும். நம் வெயிலில் வழியும் வியர்வைக்கு அது பயனுள்ள எழுத்து. வயர் பெரும்பாலும் போனில் செருகும் பின்னின் கழுத்தில்தான் அறும். அங்கே தடித்த ரப்பர் உறை இருக்கிறதா, முடிந்தால் வயரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஆயிரம் ரூபாயிலேயே கழற்றும் வயர் கிடைக்கிறது. ‘ஒரு சைடு போச்சு’ என்று முழு ஹெட்செட்டையும் தூக்கிப்போட வேண்டியிராது.

கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நன்றாகப் பழகிய பாட்டைப் போடுங்கள், அதுவும் குறைந்த ஒலியில். அதிக ஒலியில் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். நான் ‘ரோஜா’வின் ‘சின்னச் சின்ன ஆசை’யைச் சொல்வேன். மின்மினியின் குரல் முன்னே தெளிவாக நின்று, அடியில் பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்க வேண்டும். பேஸ் ஒரே மொத்தையாக எழுந்து குரலை மூடினால் அதை வைத்துவிடுங்கள். ‘ச’ வரும் இடமெல்லாம் சீறினால் அதையும். பிறகு தவில் வரும் கச்சேரிப் பதிவு ஒன்று. தொப்பிப் பக்கத்தின் கனமும் வலந்தலையின் வெடிப்பும் தனித்தனியாகக் கேட்கிற இயர்போன் வேறு எதையும் கெடுக்காது. மைக்கைச் சோதிக்க, போனின் ரெக்கார்டரில் சாலைச் சத்தத்துக்கு நடுவே நாலு வரி பேசிக் கேட்டால் போதும்.

வாங்கியது கொஞ்சம் ஏமாற்றினாலும் வழி இருக்கிறது. போனின் ஈக்வலைசரில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று புள்ளி குறைத்தால் மொத்தை பேஸ் தெளியும். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலி பல ஆயிரம் மாடல்களுக்கான திருத்தங்களைத் தயாராக வைத்திருக்கிறது. உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்தால் தானே சரிசெய்துவிடும்.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் பாட்டைப் போட்டுக்கொண்டே தூங்குவதைத் தவிர்க்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் மிக மலிவு, அறைச் சத்தத்தைப் பெரும்பாலான இயர்போன்களைவிட நன்றாகத் தடுக்கும். சிங்கப்பெருமாள் கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையைக் கடக்கும்போது இரண்டு காதையும் கழற்றிவிடுங்கள். நன்றாக அடைக்கும் ரப்பர் கன்டெய்னர் லாரியின் ஹாரனையும் அடைத்துவிடும்.

ஒரு பக்கம் ஒலி குறைந்தால் முதலில் வலையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த பல் துலக்கும் பிரஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தேய்த்தால் போய்விடும். இயர்போனை இடம் மாற்றிப் போட்டும் அதே காதிலேயே குறைவாகக் கேட்டால் கோளாறு காதில். கழற்றிய பிறகு காதுக்குள் ‘கொய்ங்’ என்ற ரீங்காரம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். இரைச்சலால் வரும் செவித்திறன் குறைவு இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் அதைக் கையோடு எடுத்துச் சென்று ஆடியோகிராம் என்ற செவித்திறன் வரைபடம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரைச்சலின் சேதம் முதலில் தெரிவது 4,000 ஹெர்ட்ஸ் அருகில். அந்த இடத்தில் கோடு இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள்.