ஐம்பத்தெட்டுக்கும் எழுபதுக்கும் நடுவே

விழுப்புரம் சந்திப்பில் ரயில்வே பணியில் இருந்தவர், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தில் பேருந்து ஓட்டியவர், திண்டிவனத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலைத் தொழிலாளி, மார்க்கெட் கமிட்டியில் மணிலா மூட்டை தூக்கியவர். இந்த ஐந்து பேரும் ஒரே ஆண்டில் அறுபதைத் தொடுவதாக வைத்துக்கொள்வோம். இதய அடைப்பும் சிறுநீரகக் கோளாறும் இவர்களிடையே வேறுபாடு பார்க்காது. ஆனால் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஐந்து பேருக்கும் ஐந்து விதமான பதில் கிடைக்கும். கடைசியாக எந்த அலுவலகம் சம்பளம் கொடுத்தது என்பதைப் பொறுத்தே அந்தப் பதில் அமைகிறது. வயதானவர்களுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது சரியாகாது; திட்டங்கள் நிறையவே இருக்கின்றன. குறை வேறு இடத்தில் இருக்கிறது. வேலையை விட்டு இறங்கும் நாளில் செய்ய வேண்டிய காப்பீட்டுப் பதிவை நோய் வந்து படுக்கும் நாள்வரை தள்ளிவைக்கிறோம். அந்தத் தள்ளிவைப்பைத் தடுக்க அரசின் நடைமுறையிலும் ஏற்பாடு இல்லை.

ஒவ்வொருவருக்கும் எந்தக் கதவு திறக்கிறது என்று முதலில் பார்க்கலாம். மாநில அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். 58 ஆக இருந்த வயது 2020-இல் 59 ஆகி, 2021-இல் 60 ஆனது. பணியில் இருந்தவரை அவருக்கு ஊழியர்களுக்கான காப்பீடு இருந்தது. ஓய்வுக்குப் பின் அது முடிந்து, ஓய்வூதியர்களுக்கான தனிக் காப்பீடு தொடங்குகிறது. அதற்கான சந்தா மாதந்தோறும் ஓய்வூதியத்திலேயே பிடிக்கப்படுகிறது. கணவன் அல்லது மனைவியும் அதில் சேர்த்தி. ரயில்வேயில் ஓய்வுக்குப் பிந்தைய மருத்துவத் திட்டம் தனியாக உண்டு. ஓய்வு பெறும்போது ஒரு தொகையை மொத்தமாகக் கட்டிச் சேர்ந்துவிட்டால் ரயில்வே மருத்துவமனைகளில் ஆயுள் முழுக்கச் சிகிச்சை கிடைக்கும். போக்குவரத்துக் கழக ஓய்வூதியர்களோ தங்களுக்கும் ஒரு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று நெடுங்காலமாகக் கோரிக்கை வைத்து வந்தவர்கள். ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருக்களில் இருப்பவர்களுக்கு இடையேதான் இத்தனை வித்தியாசம்.

தனியார் நிறுவனத் தொழிலாளியின் நிலை இன்னும் சிக்கலானது. அவருடைய பி.எஃப். ஓய்வூதியம் 58 வயதில் தொடங்குகிறது. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அந்த ஓய்வூதியத்தோடு மருத்துவ வசதி எதுவும் வருவதில்லை. ஆனால் இ.எஸ்.ஐ.யில் ஒரு வாசல் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. குறைந்தது ஐந்து ஆண்டுகள் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெறுபவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் துணைவருக்கும் மருத்துவ உதவி தொடரும். மாதத்துக்குப் பத்து ரூபாய்தான். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ. வரம்பிலிருந்து வெளியேறி, பிறகு ஓய்வு பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கும் இந்தச் சலுகையை நீட்டிக்க 2024-இல் இ.எஸ்.ஐ. கழகம் முடிவெடுத்தது. ஆலையிலிருந்து கணக்கு முடித்து வரும் நாளில் பி.எஃப்., கிராஜுவிட்டி பற்றி விசாரிக்காதவர் கிடையாது. இந்த 120 ரூபாயைப் பற்றி விசாரிப்பவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

இந்த எதிலும் அடங்காத பெருங்கூட்டம் ஒன்று உண்டு. விழுப்புரம் போன்ற விவசாய மாவட்டத்தில் உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கானது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012-இல் இப்போதைய பெயரில் மாற்றி அமைக்கப்பட்டது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது, சந்தா கிடையாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் புகைப்படம் எடுத்துப் பதிவு செய்வார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

இதற்கு மேல் 70 வயதுக்கு என்று ஒரு படி இருக்கிறது. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா திட்டம், 70 வயதானவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது. ஆயுஷ்மான் திட்டத்தில் ஏற்கெனவே உள்ள குடும்பத்தில் 70 வயதானவர் இருந்தால், அவருக்கென்று தனியாக இன்னொரு 5 லட்சம். இ.எஸ்.ஐ.யிலோ தனியார் பாலிசியிலோ இருப்பவரும் சேரலாம். மத்திய அரசு ஊழியர்கள், முன்னாள் படைவீரர்கள் போன்றோருக்கான திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயதுக்கு ஆதாரே அத்தாட்சி. இதற்கான உதவி எண் 14555.

இப்போது வயதுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 58-இல் பி.எஃப். ஓய்வூதியம், 60-இல் அரசுப் பணி ஓய்வும் முதியோர் உதவித்தொகையும், 70-இல் வருமானம் கேட்காத காப்பீடு. தனியார் வேலையிலிருந்து 58-இல் இறங்கியவருக்கு எழுபதை எட்டப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முற்றி இதயத்தையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஆண்டுகளில்தான். மாதம் 10,000 ரூபாய் என்றாலே ஆண்டுக்கு 1,20,000 ஆகிவிடுகிறது. மகன் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, அவன் பெயரும் அதே ரேஷன் கார்டில் இருந்தால், குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். ஏழை என்ற கணக்கிலும் வரமாட்டார், எழுபது என்ற கணக்கிலும் வரமாட்டார். அவரைப் போன்றவருக்கு இருக்கும் பிடி அவருடைய பழைய வேலை தரும் உரிமை மட்டுமே. அந்த உரிமையைக் கோர வேண்டிய நேரம், நிறுவனத்தின் சான்று எளிதாகக் கிடைக்கும் ஓய்வு நாள்தான். ஆலை மூடிய பிறகோ, நிர்வாகம் கைமாறிய பிறகோ அந்தச் சான்றுக்காக அலைவது எளிதல்ல.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். முதலமைச்சர் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் என்று எதுவும் கிடையாதே, நோய் வந்தபின் பதிவு செய்தால் என்ன? விதிப்படி செய்யலாம், பலர் செய்தும் இருக்கிறார்கள். ஆனால் தடை மருத்துவத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.வைப் பிடிக்க வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு பெயரும் ஆதாரில் இன்னொரு எழுத்தும் இருந்தால் திருத்த வேண்டும். தனிக்குடித்தனம் போன மகனின் கார்டில் தாய் பெயர் இருக்கும், தந்தை பெயர் பழைய கார்டிலேயே கிடக்கும். மண்ணிலும் சிமெண்டிலும் உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்காது. நோயாளியை வார்டில் விட்டுவிட்டு, திண்டிவனம் பக்கத்து ஊரிலிருந்தோ மரக்காணம், செஞ்சி பக்கத்து ஊரிலிருந்தோ விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்கு ஒருவர் ஓட வேண்டும். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தில் அந்த ஒருவர் யார் என்பதே பெரிய கேள்வி. இந்த வேலைகளில் எதுவும் தனியாகப் பார்த்தால் கடினமில்லை. ஆரோக்கியமாக இருக்கும் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்த வாரத்தில் இவையெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் வட்டிக்கடைப் பணம் வீட்டுக்குள் நுழைகிறது.

முண்டியம்பாக்கம் ஜி.எச். இருக்கும்போது காப்பீட்டு அட்டை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 2010-இல் தொடங்கிய அந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும் சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் இரண்டு காரணங்களால் அட்டை தேவைப்படுகிறது. அரசு மருத்துவமனையில் காப்பீட்டின்கீழ் நடக்கும் சிகிச்சைக்குரிய தொகை அந்த மருத்துவமனைக்கே வருகிறது. நோயாளிக்குச் செலவில்லாமல் மருத்துவமனைக்கு வரவு. அடுத்தது, குறிப்பிட்ட சிகிச்சை அங்கே இல்லாமலோ காத்திருப்பு நீண்டோ போனால், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைக்குப் போகும் வழியை அட்டைதான் திறக்கிறது. புதுச்சேரி பக்கத்தில் இருந்தாலும் நிர்வாகத்தால் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே எந்த மருத்துவமனை இந்த அட்டையை ஏற்கிறது என்பதைப் போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்டை இருந்தும் கையிலிருந்து பணம் போகிறதே என்ற குறையும் பொய்யல்ல. காப்பீடு என்பது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. முதுமையின் அன்றாடச் செலவு மாத்திரையிலும் பரிசோதனையிலும் போகிறது. அதற்கு அட்டையை நம்பக் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியது இந்த இடத்தை நிரப்பத்தான். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முதியவருக்கு முழுப் பாதுகாப்பு. திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு மருத்துவமனை கூடுதல் பணம் கேட்டால், கொடுத்துவிட்டுப் புலம்புவதைவிட உடனே உதவி எண்ணில் புகார் சொல்வது மேல். தனியார் பாலிசி வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. 2024 ஏப்ரல் முதல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் புதிய பாலிசி தர வழி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்ல நிறுவனத்துக்கு அனுமதி இருக்கிறது. 58 வயதில் சர்க்கரையோடு ஓய்வு பெறுபவருக்கு அந்த மூன்று ஆண்டுகள் சிறியவை அல்ல. வயதுக்கேற்ற பிரீமியமும் 1,000 ரூபாய் ஓய்வூதியமும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. அரசுத் திட்டம் அடித்தளம். வசதி உள்ளவர் அதன்மேல் தனியார் பாலிசியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவைத் தனிமனிதரின் விழிப்புணர்வுக்கே விட்டுவிடலாமா என்பதுதான் மையமான கேள்வி. அமெரிக்காவில் 65 வயதுக்கான மெடிகேர் காப்பீட்டில், பிறந்த மாதத்துக்கு முன் மூன்று மாதம், அந்த மாதம், பின் மூன்று மாதம் என்று ஏழு மாதங்கள் பதிவுக்காக ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவர் கட்டணத்துக்கான பகுதியில் தக்க காரணமின்றித் தாமதித்தால், தாமதித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் சந்தா 10 விழுக்காடு கூடும். தண்டம் விதிக்கும் வழக்கம் நமக்கு வேண்டாம். ஆனால் அங்கே அரசு ஓய்வூதியம் ஏற்கெனவே பெறுபவர்களைத் தானாகவே காப்பீட்டில் சேர்த்துவிடுகிறார்கள். அது நமக்கு வேண்டும். இதற்கான முன்மாதிரி திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பதிவு கிடையாது, வருமானச் சான்றும் கிடையாது. அரசு நினைத்தால் காகிதத்தைப் பின்னுக்குத் தள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

60 வயதில் முதியோர் உதவித்தொகைக்காகத் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுப்பவரின் வயது, ஆதார், ரேஷன் கார்டு, வறுமை நிலை எல்லாவற்றையும் அந்த அலுவலகமே சரிபார்க்கிறது. மாதம் 1,200 ரூபாய் கொடுக்கத் தகுதியானவர் என்று முடிவு செய்த பிறகு, அதே மனிதரைக் காப்பீட்டுக்காக இன்னொரு வருமானச் சான்றோடு இன்னொரு வரிசையில் நிற்க வைப்பதில் அர்த்தமில்லை. உதவித்தொகை ஆணையிலேயே காப்பீட்டு எண்ணும் அச்சாக வேண்டும். தொழிற்சாலையிலிருந்து விடுவிப்பவர்கள் இ.எஸ்.ஐ. தொடர்ச்சிக்கான படிவத்தைக் கணக்கு முடிக்கும் காகிதங்களோடு சேர்த்தே தர வேண்டும். இதனால் செலவு கூடும் என்ற வாதம் வரலாம். கூடத்தான் செய்யும், ஆனால் அது ஏற்கெனவே தகுதி உள்ளவர்களுக்கான செலவு. அவர்கள் பதிவு செய்யாததால் மிச்சமாகும் பணத்தைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு. 2021-இல் அது 13.6 ஆகியிருக்கும் என்றும், 2031-இல் 18.2 ஆகும் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பிரச்சினை தானாகச் சுருங்காது.

அரசு மாறும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் ஒருவருக்கு 57 வயது ஆனவுடன் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துத் திருத்திவிட வேண்டும். வேலை செய்த இடத்தில் ஓய்வுக்குப் பின் எந்த மருத்துவ வசதி தொடரும் என்பதைச் சான்றாகவே கேட்டு வாங்க வேண்டும். அது இல்லையென்றால் முதலமைச்சர் காப்பீட்டில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே அட்டை இருந்தால் முதியவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவர் அறுபதை எட்டும் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே அரசின் பதிவேட்டில் ஏறிவிட்டது. பணியிலிருந்து விடுவிப்பதற்கும் உதவித்தொகை தருவதற்கும் அந்தத் தேதியைத் தவறாமல் பார்க்கும் அரசு, காப்பீட்டில் சேர்ப்பதற்கும் அதையே பார்க்கலாம்.