கீப்பர் மகளுக்கு ஒரு சோடி கையுறை

எங்கள் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களில் இப்போது பெண் பிள்ளைகளும் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். 2024 ஜூலையில் தம்புள்ளையில் இலங்கைப் பெண்கள் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்த பிறகு லயத்து வாசலெல்லாம் இதே கதைதான். என் மகள் ஆசைப்பட்டது மட்டைக்குமல்ல, பந்துக்குமல்ல. விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்றாள். அந்த அணியில் அனுஷ்கா சஞ்சீவனி செய்த வேலை.

டெனிஸ் பந்தில் விளையாடும்வரை வெறுங்கை போதும். பாடசாலை அணியில் சேர்ந்ததும் தோல் பந்து வந்துவிட்டது. பெண்கள் ஆடும் தோல் பந்தின் நிறை 140 முதல் 151 கிராம். கையில் எடுத்துப் பார்த்தால் கல் மாதிரி. முதல் வாரமே அவளுடைய வலது சுட்டுவிரல் வீங்கி, இரண்டு நாட்கள் பேனை பிடிக்க முடியவில்லை. கொழுந்து பறிக்கிற எனக்கு விரலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விளையாட்டை நிறுத்து என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சீட்டுக் காசு கைக்கு வந்த மாதம் இருவரும் பதுளைக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் பெரிய சோடியை எடுத்து நீட்டினார். "அக்கா, அடுத்த வருசமும் போடலாம்தானே?" என்றார். சப்பாத்தும் சட்டையும் நாம் அப்படித்தான் வாங்குகிறோம். கையுறையில் அது சரிவராது, சகோதரிகளே. விரல் நுனிக்கு முன்னால் நிறைய இடம் இருந்தால் பந்து படும்போது உறை மடங்கும், விரல் பின்னால் வளையும். உள்ளுறையைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் கையுறையை மாட்டி, விரல்களை விரித்து மூடிப் பார்க்கச் சொன்னேன். நுனியில் கொஞ்ச இடம் போதும். அவள் கைக்குச் சரியாக வந்த சோடியில் 'போய்ஸ்' என்று எழுதியிருந்தது. பெண் பிள்ளைக்கும் அந்த அளவுதான். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

பேஸ்போல் ஆடுகிறவர்களுக்கு ஒரு கைக்கு மட்டும் உறை. மற்றக் கை எறிவதற்கு. கிரிக்கெட்டிலோ களத்தடுப்பில் நிற்பவர்களில் கையுறை போட விதி இடம் தருவது கீப்பருக்கு மட்டும், அதுவும் இரண்டு கைக்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் மட்டுமே வலைத்தோல் இருக்கலாம். மற்ற விரல்களுக்கிடையில் வைத்துத் தைத்திருந்தால் போட்டிக்கு ஆகாது.

உள்ளங்கைப் பக்கம் புள்ளி புள்ளியாக றப்பர் இருக்கும். பந்து வழுக்காமல் பிடிப்பது அதுதான். பழைய சோடி யாராவது கொடுத்தால் முதலில் அங்கே தடவிப் பாருங்கள். தேய்ந்து மழமழவென்று இருந்தால் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெளித்தோல் கிழிந்திருந்தால் பரவாயில்லை, சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுக்கலாம். எங்களுக்குப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் சம்பளத்துக்குள் அடங்கும் விலையல்ல. பக்கத்து வீட்டம்மா, "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்டார். மகனுக்கு மட்டை வாங்கிய வீடு அது. நான் சிரித்துவிட்டு வந்தேன்.

வாங்கியதைக் காப்பாற்றுவதுதான் எங்கள் ஊரில் பெரும்பாடு. ஐப்பசி தொடங்கினால் மழையும் மூடுபனியும். நனைந்த கையுறையை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் தோல் விறைத்து வெடிக்கும். பத்திரிகைத் தாளைக் கசக்கி விரல்களுக்குள் திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தாள் ஈரத்தை இழுத்ததும் மாற்ற வேண்டும்.

வியர்வையை வாங்குவது உள்ளுறை. அதை அடிக்கடி துவைக்க வேண்டும் என்பதால் இரண்டு சோடி தேவை. இரண்டாவதை நான் பழைய பருத்திச் சட்டையில் தைத்துக் கொடுத்தேன். தையல் விளிம்பை வெளிப்பக்கம் விட வேண்டும்; உள்ளே இருந்தால் விரலைத் தேய்க்கும்.