மாசியில் உதிரும் இலை, ஐப்பசியில் பெய்யும் மழை

வீட்டையொட்டி வேம்பு வைத்திருப்பவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு வேலை காத்திருக்கும். ஓட்டு விளிம்பில் மழைத்தண்ணீருக்காக மாட்டிய தகரத்தில் சேரும் சருகை அள்ள வேண்டும். ஐப்பசியில் மேகம் கறுத்த பிறகுதான் எங்கள் தெருவில் பலர் ஏணியைத் தேடுகிறார்கள். மாசியில் விழுந்த இலை அதற்குள் எட்டு மாதம் கிடந்து, கோடை மழையில் ஊறி, சேறாகி இறுகியிருக்கும்.

குளிர் நாடுகளில் இந்தக் கணக்கு சுலபம். அங்கே பகல் குறைந்து குளிர் ஏறும்போது மரங்கள் இலையை உதிர்க்கும். அக்டோபர், நவம்பரில் உதிர்ந்து முடிந்ததும் ஒரு தடவை வழித்துவிட்டால் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். நம்மூர் வேம்பும் அரசும் புங்கனும் வறட்சியில் உதிர்பவை. இலை வழியாகத்தான் மரத்தின் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. மண் காயும் காலத்தில் பழைய இலையைக் கழற்றிவிட்டால் மரத்துக்குத் தண்ணீர் மிச்சம். ஆகவே நமக்கு உதிர்வு மாசி, பங்குனியில். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். நடுவே அரை வருஷம் இருப்பதால் ஒரு தடவை ஏணி ஏறினால் போதாது, இரண்டு தடவை ஏற வேண்டும்.

நான் தாமலில் தறி ஓட்டுகிறவன். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு சாலையை ஒட்டிய ஊர். பெரிய ஏரி உள்ள ஊர் என்பதால் மழையை ஆவலோடுதான் எதிர்பார்ப்போம். ஆனால் என்னுடையது குழித்தறி. நெய்கிறவன் கால் வைக்கும் பள்ளம் சுவரை ஒட்டி இருக்கிறது. தகரம் நிரம்பி வழிந்தால் தண்ணீர் சுவரின் அடியில் இறங்கி, மறுநாள் பள்ளத்தில் ஊறும். ஈரம் ஏறினால் பட்டுப் பாவின் இழுப்பு மாறும், ஜரிகை கறுக்கும்.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 50 சதுர மீட்டர் ஓட்டில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 2,500 லிட்டர். இத்தனையும் கையகலத் தகரத்தில் ஓடி ஒற்றைக் குழாயில் இறங்க வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கும்.

ஒவ்வொரு மரமும் தகரத்தை ஒவ்வொரு விதமாக அடைக்கும். வேப்பிலை பொடி இலை, தண்ணீரோடு போய்விடும். அதன் ஈர்க்குதான் குழாய்க்குள் குறுக்கே மாட்டி வலை பின்னும். பிறகு வரும் சருகெல்லாம் அதில் சிக்கும். அரச இலை அகலம். ஒன்றே ஒன்று குழாய் வாயில் மூடி போட்டு உட்கார்ந்துகொள்ளும். நாட்டு வாதாம் சிவந்து சிவந்து வருஷத்தில் இரண்டு தடவைகூடக் கொட்டும். மா மொத்தமாக உதிர்க்காது. ஆனால் ஓயவும் ஓயாது.

வேம்பு கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஏறுவது வீண். அடுத்த வாரம் மறுபடி நிறைந்துவிடும். “துளிர் சிவக்கட்டும்டா, அப்புறம் ஏறு” என்பாள் அம்மா. செம்புநிறத் துளிர் மரமெங்கும் வந்துவிட்டால் பழைய இலை முடிந்தது என்று அர்த்தம். பங்குனிக் கடைசியில், கோடை மழைக்கு முன்னால், காய்ந்த சருகாகவே அள்ளிவிட வேண்டும். முதலில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் குழாய்க்குள் போய் அடைக்கும். இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயை மறக்கக் கூடாது. உள்வீட்டு ஒழுக்கு பெரும்பாலும் அங்கிருந்துதான். கை விடுமுன் குச்சியால் கிளறுங்கள், சருகுக்கடியில் தேள் இருக்கும். ஓட்டின் மேல் காலை வைக்காதீர்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மின்கம்பி எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு குடம் தண்ணீர் விட்டால் எங்கே தேங்குகிறது, எங்கே ஓட்டை என்று தெரிந்துவிடும்.

அப்புறம் ஆனியில் வேப்பம்பழம் விழும். ஆடிக் காற்று சுள்ளியை ஒடித்துப் போடும். காக்கை எச்சத்தில் வந்த அரச விதை, தகரத்து மண்ணில் முளைத்து நிற்கும். பிடுங்காமல் விட்டால் வேர் சுவரைப் பிளக்கும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். எனவே இரண்டாவது ஏற்றம் புரட்டாசியில். தீபாவளி உருப்படி அவசரத்தில் இது தள்ளிப்போகும் என்று, ஆயுத பூஜைக்குத் தறியைத் துடைக்கும்போதே செய்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பூஜை தாமதமாக வரும் வருஷத்தில் அதுவரை காத்திருக்கக் கூடாது.

புரட்டாசி வேலைக்கு இன்னொரு காரணம் கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அடைத்த தகரத்தில் நிற்கும் தண்ணீரே போதும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட ஆகாது. காய்ந்த இடத்திலும் அதன் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தகரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பலரும் கூரைக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பினார்கள். அந்தத் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் மூடிக் கெடுப்பது இதே சருகுதான். குழாய் வாயில் கம்பிவலையைப் பந்தாகச் சுருட்டி வையுங்கள், முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு மரத்தையே வெட்டிவிடலாமே என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. கூரை மேல் சாயும் கிளையை மட்டும் கழித்தால் போதும். சித்திரை வெயிலில் தறியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்த நிழலை விலை பேச மாட்டார்கள்.