கண்ணாடிக் குப்பியில் பிழைத்த காட்டுச் செடி
லயன் தாவரத் தோட்டம், ஹவாய்ப் பல்கலைக்கழகம், மானோவா

மாடுகள் மேய்ந்து மொட்டையாகிக் கிடந்த பள்ளத்தாக்கு இது. 1918-இல் கரும்புத் தோட்ட உரிமையாளர் சங்கம், தாவரவியலாளர் ஹரோல்டு லயன் தலைமையில் இங்கே மரம் நடத் தொடங்கியது. மண் அரித்துப்போகக் கூடாது, நீராதாரம் வற்றக் கூடாது என்பதே அன்றைய கவலை. அதற்காக வெளிநாட்டு மரங்களையே அதிகம் நட்டார்கள். உங்களைச் சுற்றி ஓங்கி நிற்பவற்றில் பலவும் ஹவாய்க்குப் புதியவை. 1953-இல் தோட்டம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது.

இத்தீவுகளுக்கே உரிய செடிகளைக் காக்கும் பெரும்பணி இன்று தோட்டத்தின் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் நடக்கிறது. ‘ஹாஹா’ எனப்படும் செடிகளில் ஒன்றான சயனியா பின்னாட்டிஃபிடா, ஓவாஹு தீவின் வையனாயே மலையில் மட்டுமே வளர்ந்தது. காட்டில் கடைசியாக எஞ்சியது ஒரே ஒரு செடி. அதுவும் பட்டுப்போனது. நல்லவேளை, அதற்குள் அதன் திசுவை எடுத்துக் குப்பிகளில் வளர்த்திருந்தார்கள். இல்லையென்றால் அந்த இனமே இன்று இல்லை.

அதன் கன்றுகளை மீண்டும் மலையில் நடுகிறார்கள். காட்டுப்பன்றிகளை வேலி தடுக்கும். வெளியிலிருந்து வந்து சேர்ந்த எலிகளையும், இளங்கன்றுகளைத் தின்னும் ஓடில்லா நத்தைகளையும் தடுப்பதுதான் பெரும்பாடு.