சோறில்லாத ஒரு முழுச் சாப்பாடு

உலகம் முழுக்கப் பேர்பெற்ற மெக்சிகோ சாலட் ஒன்று உண்டு. அதில் மிளகாய் கிடையாது, சோளம் கிடையாது, பீன்ஸ் கிடையாது. செய்தவரும் மெக்சிகோக்காரர் இல்லை. சீசர் சாலட்டைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், தாகம் தீர்க்க எல்லை தாண்டி வந்தவர்களை நம்பி டிஹுவானா நகரில் ஹோட்டல் நடத்தியவர் சீசர் கார்டினி என்ற இத்தாலியர். 1924-ல் ஒருநாள் கூட்டம் அலைமோத, கையில் கிடைத்ததை வைத்து அவர் கலந்து கொடுத்ததுதான் அது என்பார்கள். ரோமெய்ன் கீரை, முட்டை, சீஸ், மொறுமொறு ரொட்டித் துண்டு. நல்ல பண்டம்தான். ஆனால் கப்பல் இன்ஜின் ரூமில் வெந்துவிட்டு மேலே ஏறி வருகிறவன் முன்னால் அதை வைத்தால், "சரிண்ணே, சாப்பாடு எப்போ?" என்றுதான் கேட்பான்.

நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவன். மெக்சிகோவின் பசிபிக் கரையில் மான்சனில்லோ, மசத்லான், என்செனாடா என்று கப்பல் நின்ற இடங்களிலெல்லாம் முதலில் மீன் சந்தைக்குப் போய்விடுவேன். அங்கே கண்டதை வைத்து எங்கள் ஆட்களுக்கு நான் செய்துகொடுத்த இறால் சாலட் இது. மெக்சிகோவில் யாரும் இதை இப்படியே ஒரு பெரிய பாத்திரத்தில் கலந்து சாப்பிடுவதில்லை. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சேரும் பொருள்களும் கைப்பக்குவமும் அவர்களுடையவை. ஒரே தட்டில் கூட்டியது என் வேலை.

என்செனாடா, டிஹுவானாவுக்குத் தெற்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டி மீன் சந்தை. நகரத் தெருக்களில் தள்ளுவண்டிகள். வண்டியில் நிற்கும் அம்மா, பொரித்த சோள ரொட்டி ஒன்றைக் கையில் எடுப்பார். அதற்குத் தொஸ்தாதா என்று பெயர். அப்பளம் மாதிரி நொறுங்கும், ஆனால் தடிமன் அதிகம். அதன் மேல் மயோனைஸை மெல்லிசாக, ஓரம் வரைக்கும் தடவுவார். பிறகு எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீனோ இறாலோ ஒரு கரண்டி. மேலே அவகாடோ இரண்டு கீற்று. வரிசையாக நிற்கும் பாட்டில்களில் எந்தக் காரம் வேண்டும் என்று கண்ணாலேயே கேட்பார். வாங்கியவன் சட்டையில் சிந்தாமல் இருக்க முன்னால் குனிந்து நின்றபடியே கடிக்க வேண்டும்.

எல்லோரும் மீனைப் பார்ப்பார்கள். நான் அந்த மயோனைஸைப் பார்த்தேன். ருசிக்காக மட்டும் அதைத் தடவவில்லை. எலுமிச்சைச் சாறு ரொட்டியில் இறங்காமல் தடுக்க அது ஒரு பூச்சு. ரொட்டி நமத்தால் வியாபாரம் போச்சு. கடல் பண்டம் போட்ட சாலட்டுக்கு எதிரி எது என்று அந்த வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கிறது: தண்ணீர். நம் வீடுகளில் சாலட் என்றால் வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தை நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் விட்டுக் கலந்து வைக்கிறோம். பத்து நிமிஷத்தில் அடியில் ஒரு குளம். காய் சப்பென்று ஆகிவிடும், உப்பு புளிப்பு எல்லாம் குளத்தில் நிற்கும். இதைச் சாப்பாடு என்று எவன் ஒப்புக்கொள்வான்?

ஆக, இந்தச் சாலட்டின் வேலையில் பாதி, ஒவ்வொரு பொருளிலும் இருக்கிற நீரை அடக்குவது. மீதிப் பாதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உப்புப் பிடிக்க வைப்பது. கடைசியில் மேலாக உப்புத் தூவிக் கலப்பது சோம்பேறி வேலை.

முதலில் இறால். நாலு பேருக்கு ஓட்டோடு முக்கால் கிலோ வாங்குங்கள். இன்று நம் சந்தையில் கிடைக்கும் பண்ணை இறாலில் பெரும்பகுதி வனாமி. அதன் சொந்த ஊர் எது தெரியுமா? மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலிருந்து பெரு நாட்டின் வடகோடி வரைக்குமான பசிபிக் கரை. புலி இறால் வளர்ப்பை வெள்ளைப்புள்ளி நோய் அழித்துக்கொண்டிருந்த நிலையில், 2009-ல் இந்தியாவில் வனாமி வளர்க்க அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனியே வைத்து நோய் பார்த்துத்தான் குஞ்சு பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். நாகப்பட்டினத்துக் குட்டையில் வளர்ந்ததாக இருந்தாலும் அது மசத்லான்காரரின் இறால்தான். அதனால் இந்த விஷயத்தில் 'அசல் பொருள் கிடைக்காதே' என்ற கவலையே வேண்டாம்.

ஓட்டை உரித்துத் தூர எறிந்துவிடாதீர்கள். தலையையும் ஓட்டையும் கழுவி, துணியில் ஒற்றி, ஆறேழு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறு தீயில் பத்து நிமிஷம் வதக்குங்கள். கடலை எண்ணெய் போதும். முதலில் சடசடக்கும்; ஈரம் வற்றியதும் சத்தம் அடங்கும்; பிறகு எண்ணெய் மெல்ல மெல்ல ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். இறால் ஓட்டில் இருக்கும் அஸ்டாசாந்தின் என்ற நிறமி கொழுப்பில் கரையக்கூடியது. பச்சையாக இருக்கும்போது ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால் ஓடு சாம்பல் நிறத்தில் தெரிகிறது. சூடு பட்டதும் பிடி விடுகிறது, சிவப்பு வெளியே வருகிறது. கரண்டியின் பின்புறத்தால் தலைகளை அழுத்திப் பிழிந்து வடிகட்டுங்கள். இந்த எண்ணெய்தான் சாலட்டுக்கு ஊற்றப்போகும் எண்ணெய். ஆலிவ் எண்ணெய்க்குச் செலவழிக்கிற காசை இறாலுக்கே போட்டுவிடலாம்.

உரித்த இறாலை முதுகு நரம்பு எடுத்து, ஈரம் போக நன்றாக ஒற்றி, அரைத் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி ஆப்பசோடாவும் புரட்டிக் கால்மணி நேரம் வையுங்கள். சோடா போட்ட இறால் வெந்தபின் கடித்தால் டப்பென்று உடையும். பிறகு தோசைக்கல்லைப் புகையக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய், இறாலை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, பக்கத்துக்கு ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. உடல் வளைந்து அரைவட்டமாக நிற்கும்போது எடுத்துவிட வேண்டும். முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் ரப்பர். கல்லில் கூட்டம் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும். இரண்டு தடவையாகப் போடுங்கள்.

ஊசிக்கணவாய் கிடைத்தால் கால் கிலோ சேருங்கள். அதற்கு ஒரே விதி: கடுந்தீயில் ஒரு நிமிஷம், இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். நடுவில் எடுத்தால் செருப்புத் தோல். சாலட்டுக்கு ஒரு நிமிஷமே சரி.

'அங்கே பச்சையாகவே சாப்பிடுகிறார்களே' என்று கேட்பீர்கள். உண்மைதான். சினலோவா மாநிலத்தில் அகுவாசீலே என்று ஒன்று: பச்சை இறாலைப் பிளந்து, எலுமிச்சைச் சாறு, சில்தெப்பின் என்ற குருமிளகு அளவுக் காட்டு மிளகாய், உப்பு, வெள்ளரி, வெங்காயம் போட்டு உடனே பரிமாறுவது. உச்சிவெயிலில் அதைத் தின்றுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தனிச் சுகம். ஆனால் புளிப்பு பட்டு இறால் வெளுப்பது வேறு, வேகுவது வேறு. அமிலம் புரதத்தை உருமாற்றி வெந்தது மாதிரிக் காட்டுகிறதே ஒழிய, கிருமிகளைச் சூடு கொல்வது போல் கொல்வதில்லை. 1991-ல் பெருவில் காலரா பரவியபோது, எலுமிச்சையில் ஊறிய பச்சை மீன் மேலும் சந்தேகம் விழுந்தது. நடுக்கடலில் ஆஸ்பத்திரி கிடையாது. அதனால் என் அடுக்களையில் பச்சை இறாலுக்கு இடமே இருந்ததில்லை. உங்கள் வீட்டிலும் வேண்டாம்.

அடுத்தது ஊற்றுச் சாறு. மெக்சிகோ சமையலில் தக்காளி, பூண்டு, மிளகாய் இவற்றை அரைப்பதற்கு முன் பெரும்பாலும் காமல் என்ற தட்டைக் கல்லில் போட்டுச் சுடுவார்கள். தோல் அங்கங்கே கருகி, உள்ளே இளகும். இனிப்பும் புகையும் அதிலிருந்துதான் வருகின்றன. ஒரு தக்காளி, தோலோடு நாலு பல் பூண்டு, மூன்று மிளகாய் வற்றல் இவற்றைக் கல்லில் புரட்டுங்கள். வற்றல் மட்டும் சில விநாடிதான், கறுத்தால் கசக்கும். அங்கே கஸ்கபேல் என்று உருண்டை மிளகாய் உண்டு. காயவைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய் அதன் வேலையைச் செய்துவிடும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் அது. சுட்ட வற்றலை வெந்நீரில் ஊறப்போட்டு, சுட்ட தக்காளி, உரித்த பூண்டு, அரைத் தேக்கரண்டி வறுத்த சீரகம், நாலு எலுமிச்சையின் சாறு, சுண்டைக்காய் அளவு வெல்லம், உப்பு சேர்த்து மிக்ஸியில் அரைத்து, இறால் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஓட்டுங்கள். கெட்டியாகச் செங்காவி நிறத்தில் வரும்.

எலுமிச்சையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் கிடைக்கும் பெரிய, விதையில்லாத பச்சை எலுமிச்சைக்கு இந்த வாசனை வராது. மெக்சிகோக்காரர்கள் மீனுக்குப் பிழிகிற சின்ன, மெல்லிய தோல் எலுமிச்சை ஆசியாவிலிருந்து போனது. ஸ்பானியர்கள் கொண்டுபோய் நட்டார்கள். நம் வீட்டு எலுமிச்சையும் அதே இனம்தான். கொத்தமல்லித்தழையும் அப்படிக் கப்பலேறிப் போனதே. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் அங்கிருந்து இங்கே வந்தன. யாருக்கு யார் கடன் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் இறால் ஆறிவிடும்.

வெந்த இறாலையும் கணவாயையும் சூடு குறைவதற்குள் இந்தச் சாற்றில் மூன்று கரண்டி விட்டுப் புரட்டி வையுங்கள். சூட்டோடு இருந்தால்தான் ருசி ஒட்டும்.

வயிறு நிறைவது இறாலால் இல்லை. அதற்கு ராஜ்மா. அங்கே கறுப்பு பீன்ஸ் போடுவார்கள். இரண்டும் ஒரே இனம், பிறந்த மண்ணும் அதே அமெரிக்கக் கண்டம். ஒரு கப் ராஜ்மாவை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்டுப் பிறகு குக்கரில் வையுங்கள். அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் வயிற்றைப் புரட்டிவிடும். வெந்ததும் நீரை ஒட்ட வடித்து, உப்பும் ஒரு கரண்டி சாறும் புரட்டுங்கள். இரண்டு சோளக் கதிரை அடுப்புத் தீயில் நேராகச் சுட்டு முத்துகளைச் சீவிக்கொள்ளுங்கள்.

கீரை வகையறா வேண்டவே வேண்டாம். லெட்யூஸ் கப்பல் குளிர்அறையில் ஒரு வாரம் தாங்காது. கோஸ் ஒரு மாதம் தாங்கும். என்செனாடாவில் மீன் டாக்கோவுக்கும் கோஸ்தான் போடுகிறார்கள், அது சாறு பட்டும் துவளாது என்பதால். அரைக் கோஸை நூல் மாதிரி அரிந்து, உப்புப் பிசறி, கால்மணி கழித்து இரண்டு கையாலும் பிழிந்துவிடுங்கள். வெள்ளரியின் விதைப்பகுதியை வழித்து எறியுங்கள். பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் போட்டுவைத்தால் ரோஜா நிறத்துக்கு வரும். மெக்சிகோவின் யுகதானில் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்பார்கள்.

அவகாடோ இரண்டு. கொடைக்கானல் கீழ்மலையில் காப்பித் தோட்டங்களுக்குள் விளைந்து வரும்போது நம் சந்தையில் விலை இறங்கும், அப்போது வாங்குங்கள். காம்புப் பக்கம் லேசாக அமுங்க வேண்டும். கடைசி நிமிஷத்தில்தான் நறுக்க வேண்டும்.

பரிமாறுவது இப்படி: அகலத் தட்டில் கோஸ், அதன் மேல் ராஜ்மாவும் சோளமும், பிறகு வெள்ளரி, வெங்காயம், அவகாடோ, உச்சியில் இறால். மீதிச் சாறு, கைநிறையக் கொத்தமல்லி. கொத்திஹா என்ற உப்புச் சீஸை அங்கே உதிர்ப்பார்கள். பன்னீரை உதிர்த்து உப்புப் பிசறிப் போட்டால் குறையொன்றும் இல்லை. மீனும் பாலும் சேரலாமா என்று பாட்டிமார் கேட்பார்கள். சினலோவாவில் இறாலும் சீஸும் வைத்த டாக்கோ தெருத்தெருவாக விற்கிறது. சோள ரொட்டிக்குப் பதில் மசாலா போடாத நாச்சோஸ் பாக்கெட் ஒன்றைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, அவரவர் தட்டில் அவரவரே நொறுக்கிக்கொள்ளட்டும். முன்கூட்டியே போட்டால் நமத்துவிடும்.

ஓய்வு பெற்று வந்து வீட்டில் இதைச் செய்துவைத்தபோது என் மனைவி தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இத வச்சே ராத்திரிச் சாப்பாட்ட முடிச்சிரலாம்னு பாக்கியளா?" என்றாள். சாப்பிட்டு முடித்தபின் சோற்றுப் பானையைத் திறக்கவில்லை. ஆனால் காரம் பத்தாது என்றாள். இப்போதெல்லாம் பச்சை மிளகாய் இரண்டு கூடுதலாக விழுகிறது.

மிஞ்சினால் கலந்ததை வைக்காதீர்கள். ராஜ்மா, சோளம், பிழிந்த கோஸ், சாறு எல்லாம் தனித்தனி டப்பாவில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் நிற்கும். இறாலை மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். திரும்பச் சூடு பண்ணாமல், சப்பாத்தியில் கோஸோடு சுருட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் தின்றுவிடும்.